சீரியல் கில்லராக ஆசைப்படுகிறவன் கதை: 75,000 ரூபாயில், நெல்லைப் பக்கம் 6 ராத்திரியில் எடுக்க முடியுமா?

கொக்கிரகுளம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். 35 நிமிஷத்தில் ஒரு திகில் நகைச்சுவைப் படம் எடுக்கப் போகிறோம். பாளையங்கோட்டை பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் ஒருவன், சீரியல் கில்லர் ஆகணும் என்று முடிவு பண்ணுகிறான். ஒவ்வொரு கொலைக்கும் நோட்டுப் போட்டு, நேரம், இடம், ஆயுதம் எல்லாம் எழுதி வைக்கிறான். ஆனால் ஒரு ஆளைக்கூட அவனால் கொல்ல முடியவில்லை. கடைசியில் ஊர்க் கொடை (கோயில் திருவிழா) ராத்திரி தெருவில் ஆள் இருக்காது என்று கணக்குப் போட்டுக் கிளம்புகிறான். படம் அங்கிருந்து நிஜமாகவே பேய்ப் படமாகிறது.

ஒரு மிரர்லெஸ் கேமரா, 35 மிமீ, 50 மிமீ லென்ஸ் (இரண்டும் எஃப் 1.8), 100 வாட் எல்இடி 2, காலர் மைக் ஒரு ஜோடி, சின்ன ரெக்கார்டர் ஒன்று கையில் இருக்கிறது. நடிகர்களோடு சேர்த்து 12 பேர். பாதிக் காட்சி வீதியிலும் வீட்டிலும், மீதி திசையன்விளை பக்கத்துத் தேரிக்காட்டில் (பனை நிற்கும் மணல்மேடு).

ரத்தத்துக்கு ஆரத்தி மாதிரி மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் போதுமா? போலி அரிவாள் எப்படிச் செய்வது? தேரியில் கரண்ட் இல்லாமல் ராத்திரி வெளிச்சம் எப்படி? எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், வாசித்துப் பார்க்கும்போது சிரிப்பு வரும் இடத்தில் பயம் போய்விடுகிறது, பயம் வரும் இடத்தில் சிரிப்பு செத்துவிடுகிறது. இதற்கு என்ன வழி?

சிரட்டைக்கரி பதில்:

ஆரத்தித் தண்ணியை நடிகர் மேல் ஊற்றவே கூடாது. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிவிடும், கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். நிறமும் நிற்காது. மஞ்சள்மேல் சுண்ணாம்புக் காரம் பட்டால் சிவக்கும், காரம் தணிந்தால் பழையபடி மஞ்சளாகும். முதல் டேக்கில் சிவப்பாக இருந்த வேட்டி, மூணாவது டேக்கில் ஓரமெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடக்கும். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. பீட்ரூட் சாறும் வேண்டாம், ரத்தம் மாதிரி இருக்காது, ஊதாவாகத் தெரியும், சீக்கிரம் புளித்து நாறும். குங்குமத்தைக் கரைத்தால் தண்ணீர் மேலேயும் தூள் கீழேயும் பிரிந்துவிடும்.

ரெண்டு வகை ரத்தம் தயார் பண்ணுங்க. முகத்துக்கும் வாய்க்கும் ஒன்று, தரைக்கும் துணிக்கும் ஒன்று.

முகத்துக்கு: பேக்கரிச் சாமான் கடையில் லிக்விட் குளுக்கோஸ் கிடைக்கும். அதில் 500 கிராம், வெந்நீர் 250 மில்லி, சிவப்பு ஃபுட் கலர் பவுடர் முக்கால் டீஸ்பூன், கோகோ பவுடர் ஒரு மேசைக்கரண்டி, நீல ஃபுட் கலர் 2 சொட்டு. கோகோவைக் கட்டியில்லாமல் தனியாகக் குழைத்த பிறகு சேர்க்கணும். ரத்தத்தை ரத்தமாகக் காட்டுவது இந்தக் கோகோதான். அது இல்லாவிட்டால் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், மெல்லிசாக வழியும் இடமெல்லாம் ரோஸ்மில்க் ஆகிவிடும். கறுப்பு வெள்ளைப் படக் காலத்தில் சாக்லேட் சிரப்பை வைத்தே ஒப்பேற்றினார்கள். 1960-ல் ஹிட்ச்காக் எடுத்த குளியலறைக் கொலையில் ஓடுவதும் அதுதான். ஃப்ளாஷ்பேக் எதையாவது கறுப்பு வெள்ளையில் வைக்கிறதாக இருந்தால் அதற்கு நிறத்துக்கே செலவு வேண்டாம்.

தரைக்கு இதே இனிப்பு ரத்தத்தை ஊற்றினால் பத்தே நிமிஷத்தில் கட்டெறும்பு வரிசை கட்டும். பிணமாகப் படுத்திருக்கும் ஆள் அசையாமல் இருக்க வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்க. அதனால் தரை ரத்தத்தில் சர்க்கரையே கூடாது. ஒரு லிட்டர் தண்ணீரில் சோளமாவு 4 மேசைக்கரண்டியைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் காய்ச்சுங்க. கூழ் பதத்துக்கு முன்னாலேயே இறக்கிடணும், ஆறினால் இன்னும் இறுகும். அதில் சிவப்பு, கோகோ, கடைசியில் கிளிசரின் 50 மில்லி. கிளிசரின் ஈரப் பளபளப்பைக் காப்பாற்றும். நம்ம வெக்கைக்கு இது ஒரு நாளில் புளித்துவிடும், அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் காய்ச்சுங்க.

நிறத்தை எந்த விளக்கில் எடுக்கப் போகிறீர்களோ அந்த விளக்கிலேயே பார்த்து முடிவு பண்ணணும். நீல நிலா வெளிச்சம் வைத்தால் சிவப்பு கறுப்பாகிவிடும், தார் ஊற்றின மாதிரி இருக்கும். அந்தக் காட்சிக்கு நீலச் சொட்டை விட்டுவிட்டு, கொஞ்சம் ஆரஞ்சு கலர் சேர்த்து, பகலில் பார்த்தால் பொய்யாகத் தெரிகிற அளவு பளிச்சென்று கலக்குங்க. மஞ்சள் தெருவிளக்கிலோ பழுப்பாக விழும், அங்கே கோகோவைப் பாதியாகக் குறையுங்க.

வேட்டி சட்டை பருத்தியாக இருந்தால் ஷாட் முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசினால் சாயம் பெரும்பாலும் போய்விடும். வெந்நீரும் வெயிலும் பட்டால் கறை தங்கும். பட்டில் பட்டால் போகவே போகாது, இந்தச் சாயம் பட்டு, கம்பளி, மனுஷத் தோல் மூணையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் பூசுவதற்கு முன் நடிகர் தோலில் தேங்காய் எண்ணெய் மெல்லிசாகத் தடவிடுங்க. ஒரே மாதிரி வேட்டி குறைந்தது 3 வேணும்.

பீறிட்டு வரணும் என்றால் மெடிக்கலில் 50 மில்லி சிரிஞ்சும் ட்ரிப் ஏற்றும் குழாயும் வாங்கி, உடம்போடு மைக்ரோபோர் டேப்பில் ஒட்டுங்க. குழாய்க்குப் போகும் ரத்தத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்க்கணும். கெட்டியாக விட்டு அழுத்தினால் டேப் பிய்ந்து ஷாட்டுக்கு முன்னாலேயே வெளியே வந்துவிடும்.

அரிவாள்: 10 மிமீ ஈவிஏ ஷீட் (மெத்தென்ற நுரை ரப்பர்) ரெண்டு, நடுவில் ரப்பர் பசை. கைப்பிடியில் மட்டும் அரை இஞ்ச் பிளாஸ்டிக் பைப் பாதி நீளத்துக்கு, முனைப் பக்கம் கடினமான பொருள் எதுவும் இருக்கக் கூடாது. ஃபெவிகாலைத் தண்ணீர் சரிபாதி கலந்து 3 கோட் அடித்துக் காய்ந்த பிறகுதான் ஸ்ப்ரே. தெர்மாகோலில் செய்தால் ஸ்ப்ரே பட்ட இடம் கரைந்து ஓடிவிடும், பலபேர் கோட்டை விடுவது இங்கேதான். முழுக்க வெள்ளி அடித்தாலும் அது நாடக மேடை அரிவாளாகிவிடும். பட்டறையில் அடித்த அரிவாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க: உடம்பு கறுத்து, சுத்தியல் அடித்த பள்ளங்களோடு இருக்கும், தீட்டின விளிம்பு மட்டும் அரை இஞ்ச் அகலத்துக்கு மின்னும். அதனால் முதலில் மொத்தமும் கறுப்பு, அப்புறம் விளிம்பில் மட்டும் வெள்ளியை விரலால் தேயுங்க.

உடைமரம் பதில்:

தேரியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு ஆபத்து இருக்கிறது தம்பி, அதை யாரும் முன்கூட்டி யோசிக்க மாட்டார்கள். தேரி மண்ணே செம்மண். அதில் ரத்தம் சிந்தினால் தெரியாது. ஈரம் பட்ட திட்டு மாதிரிதான் கேமராவில் விழும். தேரியில் ரத்தம் காட்டணும் என்றால் காய்ந்த பனையோலை மேல், வெள்ளை வேட்டி மேல், எஃகுத் தூக்குவாளி மேல் விழ வையுங்க. மண்ணில் விழவே வேண்டாம்.

ராத்திரி வெளிச்சத்துக்கு வருகிறேன். முழு நிலா இருக்கிறதே என்று நம்பாதீங்க. எஃப் 1.8, ஷட்டர் 1/50-ல் வெறும் நிலா வெளிச்சத்தில் எடுக்க ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) லட்சத்தைத் தொடும், படம் முழுக்க மணல் கொட்டின மாதிரி ஆகிவிடும். தூரத்து வைட் ஷாட்டையெல்லாம் மம்மல் நேரத்தில் எடுத்துவிடுங்க. சூரியன் விழுந்த பிறகு நமக்கு 20 நிமிஷம்தான் அந்த நீல வெளிச்சம். ஒரு மாலைக்கு ஒரு வைட் ஷாட் என்று வையுங்க, 6 நாளைக்கு 6. நடிகர் எங்கே நடந்து எங்கே நிற்கணும் என்பதை 5 மணிக்கே ஒத்திகை பார்த்து, மண்ணில் குச்சி நட்டு வைக்கணும். கேமரா ஒயிட் பேலன்ஸ் 3,800 கெல்வினில் இருக்கட்டும், எக்ஸ்போஷர் ஒரு ஸ்டாப் குறைவாக.

இருட்டின பிறகு கிட்ட ஷாட் மட்டும். ஒரு எல்இடியை நடிகருக்குப் பின்னால், 12 அடி உயரத்தில் ஏணி மேல் கட்டுங்க, அதுதான் நிலா. இன்னொன்றை நேராக முகத்தில் அடிக்காமல் 4 அடி தெர்மாகோல் பலகையில் அடித்துத் திருப்புங்க. பனை மரத் தூர் ஒவ்வொன்றின் ஓரமும் வெள்ளிக்கோடு மாதிரி தெரியணும், முன்பக்கம் இருட்டாக இருக்கட்டும். புகை வேணும் என்றால் சிரட்டைக்கரித் தணலில் சாம்பிராணி போதும், ஆனால் பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால்தான் புகை கேமராவுக்குத் தெரியும். முன்விளக்கில் எவ்வளவு போட்டாலும் இருமல்தான் மிச்சம்.

25 பிரேம், ஷட்டர் 1/50. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதற்குப் பொருந்தாத ஷட்டர் வைத்தால் டியூப் லைட்டும் கடை எல்இடியும் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். உங்கள் எல்இடி பேனலை 10 சதவீதத்துக்கு இறக்கினாலும் சில சமயம் துடிக்கும், முந்தின நாளே எடுத்துப் பாருங்க.

ஜெனரேட்டர் வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டரும் 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியும் எடுத்துக்கொண்டு போங்க. கணக்குக்கு 1,800 வாட் அவர் வரும், ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி கெடும், இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். 200 வாட் விளக்கு மூன்றரை மணி நேரம் எரியும் என்று வையுங்க. பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும், நிமிர்த்தி வைத்தே கொண்டுபோகணும், மணலில் தூக்க 2 ஆள் வேணும். தேரிப் பாதையில் வேன் புதையும், தார் ரோட்டிலேயே நிறுத்திடுங்க.

செருப்பில்லாமல் நடக்கும் காட்சி ஏதாவது இருந்தால் வெட்டிவிடுங்க. அங்கே உடைமுள் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். லென்ஸ் மாற்றுவதை வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்க, அந்தச் செம்பொடி சென்சாரில் ஒட்டினால் சாதாரணமாகப் போகாது.

ட்ரோன் ஆசை இருந்தால் இப்போதே மறந்துடுங்க. கூடங்குளம் அணுமின் நிலையம், விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன், மகேந்திரகிரியில் இஸ்ரோ என மூணும் அந்தச் சுற்றுவட்டாரம்தான். 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோன்தானே என்ற சமாதானம் தடைப் பகுதியில் செல்லாது.

மாசி, பங்குனியில் வையுங்க. ஐப்பசி, கார்த்திகையில் மழை, ஆனியிலிருந்து காற்று.

கொக்கிரகுளம்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. செம்மண்ணில் ரத்தம் தெரியாது என்பது எங்களில் ஒருவருக்கும் தோணவே இல்லை. தூக்குவாளி யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சத்தத்துக்கு யாராவது சொல்லுங்க. ஹீரோ பாதிப் படம் சட்டையில்லாமல் வேட்டியும் துண்டுமாகத்தான் இருக்கான், காலர் மைக்கை எங்கே ஒளிக்க?

மந்த மகுடம் பதில்:

துண்டிலேயே வைக்கலாம், ஆனால் புதுத் துண்டு, கஞ்சி போட்ட வேட்டி ரெண்டும் மைக்குக்கு ஆகாது. ஒவ்வொரு அசைவுக்கும் காகிதம் கசக்கின மாதிரி கேட்கும். ரெண்டையும் மூணு நாலு தடவை துவைத்துக் கஞ்சியெல்லாம் போக்கிடுங்க. துண்டின் மடிப்புக்குள் மைக்கை வைத்து, ரெண்டு பக்கமும் மெடிக்கல் டேப்பை முக்கோணமாக மடித்து ஒட்டினால் துணி உரசாது. ஓடுற காட்சிக்கு இது சரிப்படாது. அங்கே ரெக்கார்டரை மூங்கில் கம்பில் கட்டித் தலைக்கு மேல் 2 அடியில் பிடிங்க, காற்றுக்கு ரோமத் தொப்பி கண்டிப்பாக வேணும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், பேச்சு அளவு மைனஸ் 12 டெசிபலுக்கு மேல் தாண்டாமல். வீட்டுக் காட்சியில் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்க. ஃப்ரிட்ஜை நிறுத்தினவர் தன் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டால் திரும்பப் போடாமல் வீட்டுக்குப் போக மாட்டார்.

தேரியிலும் வயக்காட்டிலும் பெரிய தொல்லை சில்வண்டு. ஒரு டேக்கில் கத்தும், அடுத்த டேக்கில் நிறுத்தும். ரெண்டையும் வெட்டி ஒட்டினால் ஒவ்வொரு வெட்டிலும் சத்தம் குதிக்கும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் வாய் மூடி நிற்க 2 நிமிஷம் வெறும் இடத்துச் சத்தத்தைப் பதிவு பண்ணி, காட்சி முழுக்க அடியில் விரிச்சிடுங்க. விடியும் நேரத்தில் மயில் அகவ ஆரம்பித்தால் வசனம் எடுப்பதை நிறுத்திட வேண்டியதுதான், ஆனால் ரெக்கார்டரை நிறுத்தாதீங்க. இருட்டில் கேட்கும் மயில் சத்தத்துக்கு ஈடான திகில் சத்தம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

காற்றில் காய்ந்த பனையோலை உரசும் சலசலப்பை நாலைந்து தூரத்தில் வைத்துப் பதிவு பண்ணுங்க. பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்பார்கள். உங்கள் ஆள் நரியில்லை என்பதை இந்த ஒரு சத்தத்திலேயே சொல்லிடலாம்: சலசலத்த ஒவ்வொரு முறையும் அவன் நோட்டில் எழுதும் பேனா நிற்கட்டும்.

குத்துச் சத்தத்தை மூணு அடுக்காகப் பதியணும். அரிசிச் சாக்கு மேல் ஈரத் துண்டைப் போட்டு முஷ்டியால் குத்துவது, அது உடம்பில் விழும் அடி. வாழைத்தண்டை ஒரே வெட்டாக வெட்டுவது, அது சதை. நுங்குக் கண்ணைப் பெருவிரலால் தோண்டி எடுக்கும்போது ஒரு சளக் வருமே, அது ஈரம். மைக் ஒரு அடி தூரத்தில். மூணையும் ஒன்றன் மேல் ஒன்றாக, படத்துக்கு ஒரு பிரேம் முந்தி வையுங்க. பிந்தினால் பொம்மைக் குத்தாகிவிடும். வாழைத்தண்டு வெட்டுகிறவர் பழைய சட்டை போட்டுக்கொள்ளட்டும், வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது. மாசியில் எடுத்தால் நுங்கு சரியாகக் கிடைக்காது, இந்தச் சத்தத்தை மட்டும் சித்திரையில் தனியாகப் பதிந்துகொள்ளலாம்.

இசைக்கு இணையத்தில் கிடைப்பதைப் போடாதீங்க, பதிப்புரிமையில் மாட்டுவீங்க. ஒரு வில்லுப்பாட்டுக் குழுவை ஒரு மத்தியானம் கூப்பிட்டு, சம்பளத்தோடு ஒரு ஒப்பந்தத் தாளும் கையெழுத்து வாங்கி, வில், குடம், உடுக்கு மூணையும் தனித்தனியாகப் பதிவு பண்ணுங்க. குடத்து வாயில் தட்டும்போது வரும் அடிச்சத்தம் நெஞ்சுக்குள் இறங்கும், திகிலுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். வில்லுப்பாட்டில் இன்னொரு சொத்து இருக்கிறது: தலைமைப் பாடகர் சொல்லச் சொல்லப் பின்னால் இருப்பவர்கள் ‘ஆமா’ போடுவது. அவன் மனசுக்குள் கொலைத் திட்டம் ஓடும்போது பின்னணியில் ‘ஆமா’ மட்டும் கேட்கட்டும். முதல் தடவை தியேட்டர் சிரிக்கும். கடைசிக் காட்சியில் அவன் ஒன்றும் நினைக்காமல் நிற்கும்போதும் ‘ஆமா’ கேட்டால், யாருக்கு அந்தப் பதில் என்று தெரியாமல் எல்லாருக்கும் சில்லிடும்.

வெட்டுமேசை பதில்:

மேலே சொன்ன ‘ஆமா’வில்தான் உங்கள் பெரிய கேள்விக்குப் பதில் இருக்கிறது. சிரிப்பையும் பயத்தையும் தனித்தனி இடத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தின்னும். சிரிப்புக்கு எதை வைத்தீர்களோ, பயத்துக்கும் அதையே திருப்பிக் கொண்டுவரணும். அதே பிரேம், அதே விளக்கு, அதே இடம்.

உங்கள் கதைக்கே எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். நம்ம பக்கத்தில் கொலை பண்ண ஆசைப்படுகிறவனுக்கு முதல் எதிரி போலீஸ் கிடையாது, “எங்க போறீய?” என்ற கேள்விதான். ராத்திரி 11 மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் நாலு வாசலிலிருந்து கேட்பார்கள். அவன் பனைக்குப் பின்னால் அரிவாளோடு ஒளிந்து நிற்கிறான். வைட் ஷாட், வெட்டே இல்லை. பிரேமுக்கு இடது பக்கத்திலிருந்து ஆச்சி ஒருத்தி ஓலைக்கட்டோடு வருகிறாள்.

“யாருலே அங்கன நிக்கது?”

பதில் இல்லை. ஆச்சி கண்ணை இடுக்கிப் பார்க்கிறாள்.

“நீ அந்த ஜெராக்ஸ் கடைப் பையம்லா? ஆதார் கார்டு ரெண்டு காப்பி எடுக்கணும்னு நெனச்சிக்கிட்டே கெடக்கேன். கடைய எப்பம்ல தொறப்ப?”

“...ஒன்பதரைக்கு ஆச்சி.”

“சரி, இந்தக் கட்டத் தலையில தூக்கி வையி.”

அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கி வைக்கிறான். ஆச்சி போகிறாள். ஆச்சி பிரேமை விட்டுப் போன பிறகும் 2 விநாடி வெட்டாமல் வையுங்க, அவன் குனிந்து அரிவாளை எடுத்து, மறுபடி அதே பனைக்குப் பின்னால் அதே மாதிரி நிற்கணும். சிரிப்பு அந்த 2 விநாடியில்தான் வெடிக்கும். ஆச்சியின் கடைசி வசனத்திலேயே வெட்டிவிட்டால் பாதிதான் வரும்.

இப்போது கடைசி ராத்திரி. அதே பனை, அதே பிரேம், ட்ரைபாட் கால் அதே குழியில். அவன் நிற்கிறான். “யாருலே அங்கன நிக்கது?” என்று குரல் மட்டும் வருகிறது, இடது பக்கம் காலி. பார்க்கிறவர்கள் பழக்கத்தில் சிரிக்க ஆரம்பிப்பார்கள், ஆச்சி வரவில்லை என்பது தெரிந்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நிற்கும். அந்த நிற்பதுதான் உங்களுக்கு வேணும். வரும் என்று எதிர்பார்த்த இடத்திலிருந்து 3 விநாடி அதிகமாகக் காக்க வையுங்க. ரெண்டு காட்சியையும் ஒரே ராத்திரி ஒரே செட்டப்பில் எடுத்துடலாம், காசும் மிச்சம்.

அவன் தன்னை நம்பணும். நடிகர் இதைச் சிரிப்புப் படமாக நடிக்கவே கூடாது. அவன் நோட்டு மட்டும் செந்தமிழில் இருக்கட்டும்: “இரவு 11.10 மணி அளவில் இலக்கு தனியாக வரும் எனத் தெரியவருகிறது.” ஊர் முழுக்க நெல்லைப் பேச்சு பேச, இவன் மனசு மட்டும் இப்படிப் போலீஸ் பத்திரிகைக் குறிப்பு மாதிரி ஓடினால் அவன் தனிமையும் தெரியும், சிரிப்பும் வரும்.

அடுத்தது கவனமாகச் செய்ய வேண்டியது. நெல்லையில் அரிவாளைக் காட்டினால் பார்க்கிறவர்கள் முதலில் தேடுவது சாதியைத்தான். கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறம், பைக்கில் ஒட்டியிருக்கும் தலைவர் படம், சுவரில் இருக்கும் போஸ்டர், வேட்டிக் கரை, தெருப்பெயர் எல்லாவற்றையும் வைத்துக் கொல்ல வருகிறவன் யார், ஆச்சி யார் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவனைச் சாதி வெறியில் சக மாணவர்கள் வெட்டின சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பிள்ளைகள் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று 2024-ல் பரிந்துரை கொடுக்கும் அளவுக்கு இங்கே நிறத்துக்குப் பொருள் உண்டு. பிரேமுக்குள் வரும் ஒவ்வொரு சுவரையும் பாருங்க. கொலைக்கருவியை அரிவாளுக்குப் பதில் வேறு ஏதாவது ஆக்க முடியுமா என்றும் யோசியுங்க, ஜெராக்ஸ் கடையில் பேப்பர் வெட்டும் கத்திமேசை இருக்குமே.

கொடைக் காட்சியிலும் இதே மரியாதை வேணும். சுடலைமாடன் கோயில் கொடையில் நடுச்சாமத்தில் சாமியாடி வேட்டைக்குப் போகும்போது எதிரே யாரும் வர மாட்டார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். உங்கள் ஆள் தெரு காலி என்று சந்தோஷப்பட்டு இறங்குவது அருமையான இடம். ஆனால் சாமியாடியைச் சிரிப்புக்கு வைக்காதீங்க, முகத்தையே காட்ட வேண்டாம். தெருமுனையில் பந்த வெளிச்சம் சுவரில் நகரட்டும், மகுட மேளச் சத்தம் தூரத்திலிருந்து கிட்ட வரட்டும். நிஜக் கொடையில் கேமராவோடு நுழைந்து நடிகரை நிறுத்துவது வேண்டவே வேண்டாம். தனியாக, வேறு தேதியில், கோயில்காரர்களிடம் கதையைச் சொல்லிவிட்டு எடுங்க.

சிரட்டைக்கரி பதில்:

அரிவாளை எடுத்துவிடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆச்சியின் கட்டைத் தூக்கி வைக்க அரிவாளைக் கீழே போடும் இடத்தில் கத்திமேசையை வைத்து என்ன செய்ய? இங்கே வாழை வெட்ட, தேங்காய் வெட்ட வீட்டுக்கு வீடு அரிவாள் கிடக்கிறது. அதையே காரணமாக்குங்க: அவன் கையில் அதைப் பார்த்து யாருக்குமே பயம் வரவில்லை, தேங்காய் வெட்டப் போகிறான் என்று நினைக்கிறார்கள். அப்படி வைத்தால் அது சண்டை அரிவாள் ஆகாது.

வெட்டுமேசை:

அது சரியான காரணம், ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் முதல் 5 நிமிஷத்துக்குள் ஒரு வீட்டில் அதே அரிவாளால் தேங்காய் வெட்டுகிற ஷாட் ஒன்று வந்துடணும்.

பத்தமடைப் பாய் பதில்:

அனுமதி விஷயம் மட்டும். ரப்பர் அரிவாளாக இருந்தாலும் ராத்திரி வாகனச் சோதனையில் டார்ச் வெளிச்சத்தில் அது அரிவாள்தான். அதுவும் மேலே சொன்ன மாதிரி நன்றாகச் செய்திருந்தால் கேட்கவே வேண்டாம். தேதி, இடம், குழுவினர் பெயர், என்னென்ன போலி ஆயுதம் என்று எழுதி, அதன் படத்தையும் வைத்து, அந்தந்த எல்லைக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனுக் கொடுத்து ரசீது வாங்குங்க. ஆளுக்கு ஒரு நகல். அரிவாளை பைக் பின்னால் சொருகாமல் பூட்டின பையில், ஒரே ஆள் பொறுப்பில். ரத்தச் சட்டையோடு யாரும் டீ குடிக்கப் போகக் கூடாது.

பொது ரோடு, ஆற்றங்கரைக்குத் தனி அனுமதி வேணும். ரயில்வே இடத்துக்கு ரயில்வேயிடம்தான் கேட்கணும். மலைப்பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், ராத்திரி ஷூட்டிங் நினைப்பே வேண்டாம்.

தியேட்டரில் போட்டால்தான் தணிக்கைச் சான்று கட்டாயம். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யுஏ (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்) சான்று மூணாகப் பிரிந்திருக்கிறது: 7, 13, 16 வயதுக்கு மேல் என்று. கொலை நடக்காத கொலைப் படம், ரத்தத்தை அளவாக வைத்தால் அந்த 16-க்குள் நிற்க வாய்ப்புண்டு. கோழி, ஆடு, நாய் எதுவாவது காட்சியில் நடிக்கிறது என்றால் விலங்கு நல வாரியத்தின் அனுமதியைப் படம் எடுப்பதற்கு முன்னாலேயே வாங்கணும், எடுத்த பிறகு கேட்டால் சிக்கல். யூடியூபில் மட்டும் போடுவதாக இருந்தால் முகப்புப் படத்தில் ரத்தம் வைக்காதீங்க, வயதுக் கட்டுப்பாடு விழுந்தால் பார்க்கிறவர்கள் எண்ணிக்கை படுத்துவிடும்.

சாப்பாட்டுக்குப் பணம் ஒதுக்குங்க. 12 பேர், 6 ராத்திரி, ரெண்டு வேளை, ஆளுக்கு 90 ரூபாய் என்றாலே 12,960 வருகிறது. நடுச்சாமத்தில் பரோட்டா சால்னா வாங்கிக் கொடுத்தால் 2 மணிக்கு விளக்குப் பிடிக்கிறவர் தூங்கிவிடுவார். இட்லியும் கட்டிச் சட்னியும், சுக்குக் காப்பியும் போதும்.

கொக்கிரகுளம்:

எல்லாருக்கும் நன்றி. தேங்காய் வெட்டும் ஷாட்டை இன்றைக்கே எழுதிச் சேர்த்துட்டேன். கடைசியாக ஒன்று மட்டும்: ஆச்சி காட்சியும் குரல் மட்டும் வரும் காட்சியும் ஒரே செட்டப்பில் எடுக்கும்போது, எதை முதலில் எடுக்க?

உடைமரம் பதில்:

குரல் மட்டும் வருவதை முதலில் எடுங்க. அதற்கு மண்ணில் காலடித் தடமே இருக்கக் கூடாது. ஆச்சி நடந்த பிறகு எடுத்தால் தேரி மணலில் தடம் அப்படியே கிடக்கும், பின்விளக்கில் ஒவ்வொரு குழியும் நிழல் விழுந்து தெரியும். ஹீரோவைப் பனைக்குப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்துங்க. ஓலைக்கட்டு, தெர்மாகோல், ஆட்கள் எல்லாம் வலது பக்கமே நிற்கட்டும், இடது பக்கத்தில் ஒருத்தரும் கால் வைக்க வேண்டாம். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் பனையோலையைக் கட்டி இழுத்துச் சமப்படுத்தலாம், ஆனால் காற்று போட்ட வரி மாதிரி வராது.